உறங்கும் ஸ்போரின் மூச்சை அளப்பது: நியூரோஸ்போராவோடு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பூஞ்சை ஸ்போர்களின் (பூஞ்சை பரவுவதற்கு உண்டாக்கும் நுண்ணிய வித்துகளின்) சுவாசத்தை முதன்முறையாக அளக்க முனைபவரைக் கருவி பெரும்பாலும் ஏமாற்றிவிடுகிறது. கலன் சரியாக மூடப்பட்டிருக்கும், வெப்பநிலை நிலையாக இருக்கும், ஸ்போர்களும் ஏராளமாக இருக்கும். ஆனால் ஆக்சிஜன் கோடு அசையாமல் கிடையாகவே ஓடும். மறுநாள் வேறொரு தொகுதி ஸ்போர்களை எடுத்தால் அதே கோடு சரசரவென்று இறங்கும். இந்த இரண்டு அளவீடுகளுமே சரியாக இருக்கலாம். இரண்டுமே தவறாகவும் இருக்கலாம். எது எப்போது என்று பிரித்தறியும் வழியைத் தாவரவியல், நுண்ணுயிரியல் முதுநிலை மாணவர்களை மனத்தில் கொண்டு இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நுண்ணோக்கி, வெந்நீர்த் தொட்டி, ஆக்சிஜன் மின்முனை அல்லது கையால் அமைத்த ஒரு மானோமீட்டர் (வாயு கூடுவதையும் குறைவதையும் காட்டும் கருவி), இவை இருந்தால் தொடங்கிவிடலாம்.

எடுத்துக்கொள்ளும் பூஞ்சை நியூரோஸ்போரா. ரொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் படரும் இந்தப் பூசணம், 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பீடிலும் டேட்டமும் மரபணுவுக்கும் நொதிக்கும் உள்ள தொடர்பைக் காட்டியதிலிருந்து ஆய்வகங்களில் நிலைத்துவிட்டது. ஸ்போர் சுவாசத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்க வேறொரு காரணம் உண்டு. ஒரே பூஞ்சை, முற்றிலும் வேறுபட்ட இரு வாழ்க்கைத் திட்டங்களைக் கொண்ட இரு வகை ஸ்போர்களைத் தருகிறது. இரண்டையும் அருகருகே அளந்தால்தான் ‘உறக்கம்’ என்ற சொல்லின் பொருள் விளங்கும்.

முதல் படி: எந்த ஸ்போரை அளக்கப்போகிறோம் என்று முடிவு செய்தல்

முதல் வகை கொனிடியா. பாலிலா முறையில், காற்றில் எழும் இழைகளின் நுனியில் கொத்துக்கொத்தாக உண்டாகும் ஆரஞ்சு நிறத் தூள் இது. ஒவ்வொன்றும் 6 முதல் 8 மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டை. இவற்றுக்கு ஆழ்ந்த உறக்கம் கிடையாது. உலர்ந்திருக்கும்வரை அடங்கியிருக்கும், ஈரம் பட்ட சில நிமிடங்களிலேயே சுவாசம் தொடங்கிவிடும். சுவாசச் சங்கிலியின் (ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்கும் நொதித் தொடரின்) உறுப்புகள் பெரும்பாலும் ஸ்போருக்குள் ஏற்கெனவே தயாராக இருப்பதால், புதிய புரதங்கள் உருவாகும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியிலிருந்து கார்பன் மூலம் கிடைக்காவிட்டால் கொனிடியா முளைப்பதில்லை.

இரண்டாவது வகை ஆஸ்கோஸ்போர். பாலினப் பெருக்கத்தில் உருவாகும் இது கறுப்பு நிறத் தடித்த சுவரும், அதன்மேல் நீளவாக்கில் ஓடும் வரிகளும் கொண்டது. ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர் நீளமும் 15 மைக்ரோமீட்டர் அகலமும் உடையது. நீரும் உணவும் ஆக்சிஜனும் கொடுத்தாலும் இது முளைக்காது. 60° செல்சியஸ் வெப்பத்தில் சிறிது நேரம் வைத்தால் எழுந்துவிடும். எழுந்தபின் வெறும் வாலைவடிநீரிலேயே முளைக்கவும் செய்யும். கொனிடியா விருந்து வீட்டுச் சோற்றை நம்பிக் கிளம்புவது. ஆஸ்கோஸ்போர் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கிளம்புவது.

இந்த வெப்ப நாட்டம் ஆய்வக விந்தை மட்டுமன்று. இயற்கையில் நியூரோஸ்போரா, தீயில் கருகிய செடிகொடிகளின்மேல் முதலில் தலைகாட்டும் பூஞ்சைகளுள் ஒன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேஸ்வரியும் அவரது மாணவரும் 1990களில் கரும்பு வயலில் இதன் வாழ்க்கை வரலாற்றைப் பின்தொடர்ந்தனர். அறுவடைக்குப் பின் தோகை கொளுத்தப்பட்ட நிலத்தில், கருகிய கரும்புக் கட்டைகளில் ஆரஞ்சு நிறத் தூள் வெடித்துக் கிளம்புவதை இன்றும் பார்க்கலாம்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை: முதல் மாதம் கொனிடியாவோடு மட்டும் பழகுங்கள். கை பழகிய பிறகு ஆஸ்கோஸ்போருக்கு வாருங்கள். நியூரோஸ்போரா க்ராஸாவில் ஆஸ்கோஸ்போர் பெற இரு எதிரெதிர் இணைவு வகைகளைக் கலக்க வேண்டும். நியூரோஸ்போரா டெட்ராஸ்பெர்மா பெரும்பாலும் தனித்தே ஆஸ்கோஸ்போர்களை உண்டாக்கிக்கொள்ளும். உறக்கம் பற்றிய பழைய அடிப்படை ஆய்வுகளில் பல இந்த இரண்டாவது இனத்தில் செய்யப்பட்டவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் படி: ஸ்போரின் கட்டுச்சோறு எது என்று அறிந்துகொள்ளுதல்

கருவியைத் தொடுவதற்கு முன் தாளும் எழுதுகோலும் எடுத்து, எந்த எரிபொருள் எரிந்தால் என்ன அளவு வரவேண்டும் என்று எழுதிக்கொள்வது நல்லது. இதைச் செய்யாமல் நேராக அளக்கப் போகிறவர், வந்த எண் வியப்புக்குரியதா இயல்பானதா என்றே தெரியாமல் நிற்பார்.

ஆஸ்கோஸ்போருக்குள் இரண்டு முக்கியச் சேமிப்புகள் உள்ளன. ஒன்று கொழுப்பு, மற்றொன்று ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை. ட்ரெஹலோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் தம் ஒடுக்கும் முனைகளாலேயே கைகோத்துக்கொண்ட இரட்டைச் சர்க்கரை. ஆஸ்கோஸ்போரின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இதுவே இருக்கும். எரிபொருளாக மட்டுமன்றி, வறட்சியிலும் வெப்பத்திலும் புரதங்களையும் சவ்வுகளையும் குலையாமல் காப்பதும் இதன் வேலை.

உறங்கும் ஆஸ்கோஸ்போர் தன் மிகச் சிறிய அன்றாடச் செலவைக் கொழுப்பிலிருந்து பார்த்துக்கொள்கிறது, சர்க்கரையைத் தொடுவதில்லை. விழித்தவுடன் ட்ரெஹலோஸை உடைக்கத் தொடங்குகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் சஸ்மனும் லிங்கப்பாவும் 1959இல் இந்த எரிபொருள் மாற்றத்தைக் காட்டினர். வியப்பு என்னவென்றால், ட்ரெஹலோஸை உடைக்கும் ட்ரெஹலேஸ் நொதி உறங்கும் ஸ்போரிலும் இருக்கிறது. சர்க்கரை உள்ளே, நொதி சுவர்ப் பகுதியில் ஒதுங்கி. இரண்டும் சந்திக்காததால் எதுவும் நடப்பதில்லை. வெப்பம் இந்தப் பிரிவினையை நீக்குகிறது என்பது 1970களில் சஸ்மன் குழு முன்வைத்த விளக்கம். அதற்கு முன் 1938இல் காடர்டும் ஸ்மித்தும், பைருவிக் அமிலத்தைப் பிளக்கும் கார்பாக்சிலேஸ் நொதி உறக்கத்தில் முடங்கியிருக்கிறது என்று கருதினர். பிந்தைய ஆய்வுகள் தடையை நொதியிலிருந்து எரிபொருளின் இருப்பிடத்துக்கு நகர்த்தின. இந்த வரலாறு உங்களுக்கு ஏன் தேவை என்றால், ஸ்போரை நொறுக்கி எடுத்த சாற்றில் ஒரு நொதி வேலை செய்வதைக் கண்டு, உயிருள்ள ஸ்போருக்குள்ளும் அது வேலை செய்கிறது என்று எழுதிவிடும் தவறு இன்றும் நடக்கிறது. நொறுக்கும்போதே பிரிவினை போய்விடுகிறது அல்லவா!

எரிபொருளை அடையாளம் காட்டும் எளிய அளவு சுவாச ஈவு: வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால் வகுத்தால் வருவது. சர்க்கரை முழுமையாக எரிந்தால் ஈவு 1. டிரைபால்மிட்டின் போன்ற கொழுப்பு எரிந்தால் 51 கார்பன் டை ஆக்சைடுக்கு 72.5 ஆக்சிஜன் செலவாகும், ஈவு 0.7. கொழுப்பைக் கிளையாக்சிலேட் சுழற்சி வழியே சர்க்கரையாக மாற்றிச் சுவருக்கான பொருள்களைக் கட்டும்போது, எடுத்த ஆக்சிஜனுக்கு ஏற்ற கார்பன் டை ஆக்சைடு வெளிவராமல் ஈவு 0.7க்கும் கீழே இறங்கும். ஆக்சிஜன் இருக்கும்போதே சர்க்கரையின் ஒரு பகுதி எத்தனாலாக நொதித்தால் ஈவு 1க்கு மேல் ஏறும். விழித்த ஆஸ்கோஸ்போர் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. காற்றோட்டம் நன்றாக இருந்தும் தொடக்கத்தில் எத்தனாலும் அசிட்டால்டிஹைடும் உண்டாக்குகிறது. நொதித்தலில் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. (உயிரணுவின் ஆற்றல் நாணயம்) மட்டுமே கிடைக்க, முழுச் சுவாசத்தில் ஏறத்தாழ 30 கிடைக்கும் என்பதால் இது ஊதாரித்தனமாகத் தோன்றும். உயிரணுவின் சுவாச உறுப்பான மைட்டோகாண்ட்ரியா முழு வேகத்துக்கு வரும்வரை அவசரத் தேவைக்கு விரைவான வழி அது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மூன்றாம் படி: வளர்த்து அறுவடை செய்தல்

கொனிடியாவுக்கு வோகல் ஊடகத்தோடு (நியூரோஸ்போரா வளர்க்க வழக்கமாகப் பயன்படும் உப்புக் கரைசல்) 1.5 முதல் 2 விழுக்காடு சுக்ரோஸும் அகாரும் சேர்த்துக் கூம்புக் குடுவைகளில் ஊற்றி, 30 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வளர்த்து, பிறகு அறை வெப்பநிலையில் வெளிச்சம் படும்படி சில நாள் வைக்கவும். நியூரோஸ்போரா மணிக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர்வரை ஊர்ந்து செல்லக்கூடியது. பஞ்சு அடைப்பு ஈரமானால் ஒரே இரவில் அதைத் தாண்டி வெளியே வந்துவிடும். லேமினார் அறைக்குள் (வடிகட்டிய காற்று வீசும் பணிமேடை) உலர்ந்த கொனிடியா குடுவையைத் திறக்கவே கூடாது. முதலில் நீரை ஊற்றி நனைத்து, தூள் பறக்காதபடி செய்த பின்பே அசைக்க வேண்டும். ஒருமுறை இது ஆய்வகக் காற்றில் பரவிவிட்டால், பக்கத்து மேசைக்காரரின் பெட்ரி தட்டுகளெல்லாம் ஆரஞ்சு நிறமாகும், நட்பும் கெடும்.

கொனிடியாவின் மேற்பரப்பு நீரை ஒட்டவிடாத புரதப் போர்வை கொண்டது. வெறும் நீரில் அது மிதக்கும், கட்டிகட்டியாகச் சேரும். நீரில் 0.01 விழுக்காடு ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்தால் சீராகப் பரவும். அதைவிட அதிகம் சேர்த்தால் மின்முனைக் கலனில் நுரை கிளம்பி அளவைக் கெடுக்கும். கலக்கிய நீரை நான்கு மடிப்பு மஸ்லின் துணியிலோ கண்ணாடிக் கம்பளியிலோ வடிகட்டினால் இழைத் துண்டுகள் நின்றுவிடும்.

ஆஸ்கோஸ்போருக்கு, நைட்ரஜன் குறைந்த இணைவு ஊடகத்தில் 25 டிகிரியில் வளர்க்க வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினால் இணைவு நடக்காது. கோடையில் குளிரூட்டாத அறையில் வைத்துவிட்டு ஸ்போர் வரவில்லையே என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் அளவில் பெரித்தீசியங்கள் (ஆஸ்கோஸ்போர்கள் உருவாகும் குடுவை வடிவக் கனியுடல்கள்) முதிர்ந்து, ஸ்போர்களைத் தட்டின் மூடிவரை சுட்டெறியும். மூடியில் கரித்தூள்போல் ஒட்டியிருப்பதை நீரால் கழுவி எடுத்துக்கொள்ளலாம். வெளிறிய ஸ்போர்கள் முதிராதவை. அவை கலந்திருந்தால் அளவீடு பொய்யாகும். கறுத்த பிறகும் ஓரிரு வாரம் முதிரவிட்டு, நீரில் 4 டிகிரியில் சேமிப்பது நல்லது.

க்ராஸாவைப் பயன்படுத்துவோருக்கு ஒரு சிறு குறுக்குவழி: பெண் பெற்றோராகக் கொனிடியா உண்டாக்காத ‘ஃப்ளஃபி’ வகை விகாரியை (மரபணு மாறிய வகையை) வைத்துக்கொண்டால், ஆஸ்கோஸ்போரோடு ஆரஞ்சுத் தூள் கலக்கும் தொல்லை பெருமளவு குறையும். இந்த விகாரிகளை அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் பூஞ்சை மரபியல் சேமிப்பு மையத்திலிருந்து ஆய்வகங்கள் பெறுகின்றன.

நான்காம் படி: கழுவுதலும் எண்ணுதலும்

ஸ்போர் சுவாச அளவீடுகளில் பிழை பெரும்பாலும் கருவியில் இருப்பதில்லை, வகுக்கும் எண்ணில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் இவ்வளவு குறைந்தது என்பதைக் கருவி சொல்லிவிடும். அதை எத்தனை ஸ்போர்கள் எடுத்தன, அவற்றுள் எத்தனை உயிருள்ளவை, ஸ்போர் அல்லாத வேறு எதுவும் எடுத்ததா என்பதைக் கருவி சொல்லாது.

முதலில் கழுவுதல். கொனிடியாவை மெல்லிய வேகத்தில் சுழற்றி, மேல் நீரை ஊற்றிவிட்டு, மூன்று முறை கழுவவும். ஊடகத்தின் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தால், உள்ளிருக்கும் சேமிப்பை எரிக்கும் சுவாசத்தை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சுக்ரோஸ் சுவாசத்தை அளந்துகொண்டிருப்போம். ஆஸ்கோஸ்போர் கனமானது, குழாயை நிமிர்த்தி வைத்தாலே கொனிடியாவைவிடப் பல மடங்கு விரைவில் அடியில் படியும். மேலே மிதக்கும் கலங்கலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றி ஐந்தாறு முறை இவ்வாறு செய்தால் கொனிடியா ஏறக்குறைய முழுதும் நீங்கிவிடும். வெப்பத்தால் கொனிடியாவைக் கொன்றுவிடலாமே என்று தோன்றும். 60 டிகிரியில் கொனிடியா சாகும் என்பது உண்மைதான். ஆனால் அதே வெப்பம் ஆஸ்கோஸ்போரை எழுப்பிவிடும், உறக்க அளவீடு பாழாகும்.

அடுத்தது எண்ணுதல். ஹீமோசைட்டோமீட்டரின் (நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவதற்கான கட்டமிட்ட கண்ணாடித் தகட்டின்) ஒரு பெரிய சதுரம் 1 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் ஆழம் கொண்டது. அதன் கொள்ளளவு ஒரு மில்லி லிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சதுரத்துக்குச் சராசரியாக எத்தனை என்று எண்ணிப் பத்தாயிரத்தால் பெருக்கி, நீர்த்த மடங்காலும் பெருக்கினால் ஒரு மில்லி லிட்டரில் உள்ள எண்ணிக்கை கிடைக்கும். மொத்தம் இருநூறுக்குக் குறையாமல் எண்ணவும். ஆஸ்கோஸ்போர் குழாயிலும் பிப்பெட்டிலும் நொடிக்கு நொடி படிந்துகொண்டே இருப்பதால், குலுக்கியவுடன் எடுக்க வேண்டும். நுனி அகன்ற பிப்பெட் தேவை. இரண்டு முறை எண்ணி இரண்டும் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்துவராவிட்டால், அளவீட்டைத் தொடங்காதீர்கள்.

இரு வகை ஸ்போர்களை ஒப்பிடும்போது ‘ஒரு ஸ்போருக்கு இவ்வளவு’ என்று எழுதுவது நியாயமாகாது. 7 மைக்ரோமீட்டர் உருண்டையின் கன அளவு ஏறத்தாழ 180 கன மைக்ரோமீட்டர். 30க்கு 15 அளவுள்ள நீள்வட்ட ஆஸ்கோஸ்போரின் கன அளவு ஏறத்தாழ 3,500. ஓர் ஆஸ்கோஸ்போர் இருபது கொனிடியாவுக்குச் சமம். ஆகவே உலர் எடைக்கோ மொத்தப் புரதத்துக்கோ கணக்கிட்டு எழுதுங்கள்; எண்ணிக்கையையும் கூடவே குறித்து வையுங்கள்.

பாக்டீரியா கலப்படம் தனிக் கவனத்துக்குரியது. என் முதல் ஆண்டில் இரண்டு வாரம் அழகான சுவாசக் கோடுகள் கிடைத்தன. ஸ்போர்களை வடிகட்டி எடுத்துவிட்டு மிஞ்சிய தெளிநீரை மட்டும் அளந்தபோதும் அதே கோடு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுதியிலும் ஸ்போர் நீக்கிய தெளிநீரை ஒரு கலனில் வைப்பது வழக்கமாகிவிட்டது. பாக்டீரியாவைத் தடுக்க ஸ்ட்ரெப்டோமைசின் சேர்க்கலாம், குளோராம்ஃபெனிகால் வேண்டாம். அது பூஞ்சையின் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் புரத உற்பத்தியையும் தடுத்து, நியூரோஸ்போராவில் மாற்றுச் சுவாசப் பாதையைத் தூண்டிவிடும். சோடியம் அசைடு சேர்த்துச் சேமித்த கரைசல்களையும் விலக்குங்கள்; அசைடு சுவாசச் சங்கிலியின் கடைசி நொதியையே முடக்குவது.

ஐந்தாம் படி: கருவியைத் தேர்ந்து, அதன் பொய்களை அறிதல்

கிளார்க் வகை ஆக்சிஜன் மின்முனை விரைவானது. நிமிடக் கணக்கில் விடை தரும். கொனிடியாவுக்கும் விழித்த ஆஸ்கோஸ்போருக்கும் அதுவே ஏற்றது. காற்றால் நிறைவுற்ற நீரில் 30 டிகிரியில் ஒரு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 236 நானோமோல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 25 டிகிரியில் 258. இந்த எண்ணை நூறு விழுக்காடாகவும், ஆக்சிஜனை நீக்கும் சோடியம் டைதயோனைட் சிறிதளவு சேர்த்த நீரைச் சுழியாகவும் வைத்து அளவு திருத்துங்கள். டைதயோனைட்டை நன்றாகக் கழுவாமல் ஸ்போர்களை ஊற்றினால், அந்த வேதிப்பொருளே ஆக்சிஜனை விழுங்கி உங்களை மகிழ்விக்கும்.

உறங்கும் ஆஸ்கோஸ்போருக்கு மின்முனை ஒத்துவராது. அதன் சுவாசம் அத்தனை மெல்லியது; நிமிடத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கோடு இறங்கும்போது, மின்முனை தானாக நகரும் அளவும் அதுவும் ஒன்றாகிவிடும். இங்கே பழைய வார்பர்க் முறைதான் கைகொடுக்கிறது. மூடிய கண்ணாடிக் கலனில் ஸ்போர் கரைசல், நடுவில் ஒரு சிறு கிண்ணத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு நனைத்த மடிப்புத் தாள். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் காரம் உறிஞ்சிக்கொள்வதால், கலனில் வாயு குறைவது முழுவதும் ஆக்சிஜன் கணக்கு. வார்பர்க் கருவி இல்லாத ஆய்வகத்தில் சிறு குப்பி, ரப்பர் அடைப்பு, வண்ண நீர்த் துளி நகரும் 0.1 அல்லது 0.2 மில்லி லிட்டர் அளவுக் குழாய் ஆகியவற்றை வைத்து இதை அமைத்துவிடலாம். காரம் கண்ணிலோ தோலிலோ படாமல் கையுறையும் கண்ணாடியும் அணிந்தே கையாள வேண்டும்.

இந்த முறையின் எதிரி வெப்பநிலை. 10 மில்லி லிட்டர் வாயு உள்ள குப்பி ஒரு டிகிரி சூடானால் வாயு ஏறத்தாழ 33 மைக்ரோலிட்டர் விரியும். சில மில்லிகிராம் உறங்கும் ஸ்போர்கள் ஒரு மணி நேரத்தில் எடுக்கும் ஆக்சிஜனைவிட இது பெரியது. ஆகையால் குப்பிகள் கழுத்துவரை நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் நிலைபெறவிட்டு அதன் பிறகே அடைக்க வேண்டும். ஸ்போர் இல்லாமல் நீர் மட்டும் உள்ள ஒரு குப்பி எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த வெற்றுக் குப்பியின் நகர்வை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட்டால், வெப்பநிலை, காற்றழுத்த மாற்றங்கள் நீங்கிவிடும். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவில் கொன்ற ஸ்போர்கள் உள்ள மற்றொரு குப்பியும் தேவை.

குப்பிகள் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். ஆஸ்கோஸ்போர்கள் அடியில் படிந்துவிட்டால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்து, ஸ்போர்கள் மூச்சுத்திணறியபடி நொதித்துக்கொண்டிருக்கும்.

ஆறாம் படி: எழுப்புதல்

ஸ்போர் கரைசலை மெல்லிய சுவருள்ள குழாய்களில் ஒரு மில்லி லிட்டராகப் பிரித்து, 60 டிகிரி நீர்த்தொட்டியில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிர்நீரில் இறக்கி 25 அல்லது 30 டிகிரிக்குக் கொண்டுவரவும். தொட்டியின் திரை காட்டும் எண்ணை நம்பாமல், அதே அளவு நீர் உள்ள ஒரு குழாயில் வெப்பமானியை நட்டு, உள்ளே 60 வருவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து அதைச் சேர்த்துக்கொள்ளவும். தடித்த குழாயில் பத்து மில்லி லிட்டரை வைத்துப் பாதி ஸ்போர்கள் மட்டுமே எழுந்ததைக் கண்டு, ‘இந்த வகை குறைவாக முளைக்கிறது’ என்று எழுதிவிட வேண்டாம்.

எழுந்த சில நிமிடங்களிலேயே சுவாசம் பல மடங்கு ஏறும். முளைக்குழல் நுண்ணோக்கியில் தெரிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சுவாசம் ஏறுவதும் முளைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்த இடைவெளியே சான்று. அளவீட்டின் முடிவில் ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு துளி எடுத்து, நூற்றுக்கு எத்தனை முளைத்தன என்று கட்டாயம் எண்ணுங்கள். நாற்பது விழுக்காடு மட்டுமே எழுந்திருந்தால், உங்கள் சராசரி எண் உறங்குவதையும் ஓடுவதையும் கூட்டிப் பிரித்த எண். அப்படி ஒரு ஸ்போரே உலகில் இல்லை.

வேதிப்பொருளாலும் எழுப்பலாம். ஃபர்ஃபுரால் ஆஸ்கோஸ்போரை எழுப்புகிறது என்று மேரி எமர்சன் 1948இல் காட்டினார். பென்டோஸ் சர்க்கரைகளை அமிலச் சூழலில் சூடாக்கினால் ஃபர்ஃபுரால் தானாகவே உண்டாகும். அதனால் சைலோஸ் உள்ள ஊடகத்தை ஆட்டோகிளேவ் செய்து உறங்கும் ஸ்போர்களுக்குக் கொடுத்தால், அவை சர்க்கரையைக் கண்டு எழுந்ததாக நீங்கள் தவறாக முடிவு செய்யக்கூடும். உறக்க அளவீடுகளில் சர்க்கரையைத் தனியே வடிகட்டித் தூய்மைப்படுத்திச் சேர்ப்பது பாதுகாப்பு.

ஏழாம் படி: கணக்கு

மின்முனைக்கான கணக்கை ஒரு கற்பனை எண்ணில் போட்டுக் காட்டுகிறேன். கலனில் 2 மில்லி லிட்டர் கரைசல், 30 டிகிரி. மொத்த ஆக்சிஜன் 472 நானோமோல். நிமிடத்துக்கு 1.2 விழுக்காடு குறைகிறது. கொன்ற ஸ்போர்களின் கோடு 0.2 விழுக்காடு குறைகிறது. வித்தியாசம் 1 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 4.72 நானோமோல். கலனில் 4 கோடி கொனிடியா இருந்தால், பத்து இலட்சத்துக்கு நிமிடத்துக்கு 0.118 நானோமோல். கொன்ற ஸ்போர்களின் எண்ணைக் கழிக்காமல் விட்டிருந்தால் விடை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும்.

மானோமீட்டரில் சுவாச ஈவைக் காண இரண்டு குப்பிகள் வேண்டும்: ஒன்றில் காரம் உண்டு, மற்றொன்றில் இல்லை. காரம் உள்ளதில் 60 மைக்ரோலிட்டர் குறைந்தது, காரம் இல்லாததில் 18 மட்டுமே குறைந்தது என்று கொள்வோம். 60இலிருந்து 18 போக 42 மைக்ரோலிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவந்திருக்கிறது, ஈவு 0.7, கொழுப்பு எரிகிறது. காரம் இல்லாத குப்பி குறையாமல் 6 மைக்ரோலிட்டர் விரிந்திருந்தால், வெளிவந்தது 66, ஈவு 1.1, சர்க்கரை எரிவதோடு நொதித்தலும் நடக்கிறது. மோல் கணக்குக்கு மாற்ற, 30 டிகிரியில் ஒரு மைக்ரோமோல் வாயு ஏறத்தாழ 24.9 மைக்ரோலிட்டர் என்று கொள்ளலாம். கரைசலின் பி.எச். 5.5க்கு மேல் இருந்தால் கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி பைகார்பனேட்டாக நீரிலேயே தங்கி ஈவைக் குறைத்துக் காட்டும். அமிலப் பக்கம் நிற்கும் தாங்கல் கரைசலையே பயன்படுத்துங்கள்.

ட்ரெஹலோஸ் உண்மையாகவே குறைகிறதா என்று பார்க்க விரும்பினால், அரை மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, கண்ணாடி மணிகளோடு அரைத்து, கொதிநீரில் பிரித்தெடுக்கவும். ட்ரெஹலோஸ் ஒடுக்கும் சர்க்கரை அன்று. ஒடுக்கும் சர்க்கரைகளை மட்டும் காட்டும் பெனடிக்ட் சோதனைக்கு அது தென்படாது. ட்ரெஹலேஸ் நொதியால் உடைத்துக் குளுக்கோஸாக அளப்பதே நம்பகமான வழி. அரைத்த கணமே ஸ்போரின் சொந்த ட்ரெஹலேஸும் வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், குளிரில் அரைத்து உடனே கொதிக்க வைக்க வேண்டும்.

எட்டாம் படி: தடுப்பான்கள், அவசரப்படாமல்

நியூரோஸ்போராவின் மைட்டோகாண்ட்ரியாவில், சயனைடு முடக்கும் வழக்கமான சைட்டோகுரோம் பாதையோடு, சயனைடைத் தாங்கும் மாற்று ஆக்சிடேஸ் பாதையும் அமையக்கூடும். பின்னதைச் சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலம் தடுக்கும். இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்து எவ்வளவு சுவாசம் எந்தப் பாதையில் போகிறது என்று பிரிக்கலாம். சயனைடு உயிர்க்கொல்லி, அமிலக் கரைசலில் நச்சு வாயுவாக வெளியேறும். அனுபவமுள்ள மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாமல், புகைப்போக்கி அறைக்கு வெளியே இதைத் தொடவே கூடாது. சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலத்தைப் பலர் எத்தனாலில் கரைப்பார்கள். பூஞ்சைக்கு எத்தனாலும் உணவே. தடுப்பான் இல்லாத எத்தனால் மட்டும் சேர்த்த கலன் ஒன்று வைக்காவிட்டால், தடுப்பான் சுவாசத்தைக் கூட்டியதுபோலத் தோன்றும்.

ஒன்பதாம் படி: எழுந்ததை மறுபடி உறங்கவைத்துப் பார்த்தல்

கை பழகிவிட்டால், டேவிட் காடர்ட் 1935இல் வெளியிட்ட ஆய்வின் மையச் சோதனையைச் செய்து பாருங்கள். ஆஸ்கோஸ்போர்களை வெப்பத்தால் எழுப்பி, சுவாசம் ஏறியதை உறுதி செய்துகொண்டு, முளைக்குழல் கிளம்பும் முன் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயு ஓட்டி ஆக்சிஜன் இல்லாமல் அடைத்து வையுங்கள். மறு பகுதியைக் காற்றோட்டத்தில் விடுங்கள். காற்றில் இருந்தவை முளைக்கும். ஆக்சிஜன் மறுக்கப்பட்டவற்றுள் பல மறுபடி உறக்கத்துக்குத் திரும்பும். காற்றைத் திருப்பிக் கொடுத்தாலும் சுவாசம் பழைய தாழ்ந்த நிலையிலேயே நிற்கும். அவற்றை இரண்டாம் முறை 60 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி எழும். எத்தனை மணி நேர அடைப்புக்குப் பிறகு எத்தனை விழுக்காடு திரும்பி உறங்கின என்பதை உங்கள் இனத்துக்கும் உங்கள் வெப்பநிலைக்கும் நீங்களே 1, 3, 6, 12, 24 மணி நேரங்களில் எடுத்துக் கோடு வரைய வேண்டும். ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தால் இறந்தவற்றை அடையாளம் கண்டு கழிக்க முயலலாம். ஆனால் தடித்த கறுப்புச் சுவரில் சாயம் தெளிவாகத் தெரியாததால், இரண்டாம் சூட்டுக்குப் பின் முளைத்த எண்ணிக்கையையே உயிருள்ளவற்றின் கணக்காகக் கொள்வது மேல். சோதனை முடிந்ததும் எல்லாக் குப்பிகளையும் மூடியோடு ஆட்டோகிளேவில் போட்டு, அதன் பிறகே திறந்து கழுவுங்கள். கொதிநீர் ஊற்றினால் போதும் என்று விடாதீர்கள். சூட்டுக்கு எழுந்துகொள்ளப் பழகிய ஸ்போர் அது.